எதிர்வீட்டுக்குப் போன பச்சை வண்டி

லீலண்ட் ரௌட்டியோ பிறந்தது 1957 மார்ச் 11. அன்று எங்கள் ஊரில் பதினெட்டு அங்குலம் பனி விழுந்தது. ஆனால் அவனைப் பற்றிச் சொல்ல வேண்டியது அங்கே தொடங்கவில்லை. 2009 அக்டோபர் 17, சனிக்கிழமை காலை பத்தேகாலுக்குத் தொடங்குகிறது. அப்போதுதான் அவன் தன் பச்சைப் பிக்கப் வண்டியை எதிர்வீட்டு நோரீன் மட்டிலாவிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அவளுடைய பனி இறைக்கும் இயந்திரத்தை வாங்கிக்கொண்டான்.

அந்தக் கைமாற்றத்துக்கு நான் சாட்சி. மாவட்டச் சாலைத் துறை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் பதிவேடு எழுதியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் தினமும் காலை ஏழு மணிக்கு வெப்பநிலை, விழுந்த பனி, கிடக்கும் பனி மூன்றையும் குறித்துவைக்கிறேன். அதனால் எங்கள் ஏரிச் சாலையில் யார் எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார்கள். அன்று நான் எழுதியது: தொண்ணூற்றொன்றாம் வருட மாடல். ஓடிய தூரம் 1,48,212 மைல். முன்சீட்டு ஒரே நீளமான பலகை. பின்பெட்டியில், பனியில் சக்கரம் வழுக்காமலிருக்கக் கனத்துக்கு வைத்த மணல் மூட்டை ஆறு, அவற்றில் இரண்டு கிழிந்தவை.

"அடிச்சட்டம் எப்படி இருக்கு லீ?" என்று நோரீன் கேட்டாள்.

"கல்லு மாதிரி இருக்கு. குனிஞ்சு பாத்துக்கோ."

அவள் குனிந்து பார்த்தாள். சட்டம் முழுக்கக் கருப்பாக, வழுவழுப்பாக, தார் போன்ற பூச்சோடு இருந்தது. தலையை ஆட்டிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பூச்சுக்கு அடியில் இருந்ததை அவன் எனக்குச் சொன்னது ஐந்து வருடம் கழித்து. வரிசை கெடக் கூடாது என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இடது பக்கச் சட்டத்தில், பின் சக்கரத்துக்கு நேர் மேலே, துரு தின்ற ஓட்டை ஒன்று இருந்தது. மூன்று விரல் நுழையும். அதன்மேல் ஒரு காபி டின்னை வெட்டி விரித்து ஒட்டி, மேலே மூன்று தடவை பூச்சுப் பூசியிருந்தான். வசந்தம் வந்ததும் வெல்டிங் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். இரண்டு வசந்தங்கள் வந்து போயின. நோரீன் கேட்டபோது உண்மை வாய்வரை வந்து நின்றுவிட்டது. அவளை ஏமாற்ற வேண்டும் என்பதல்ல. பனி உருகச் சாலைக்கு உப்புப் போடுகிறவனின் வண்டியே உப்பில் இற்றுப்போயிருக்கிறது என்று நாலு பேர் சிரிப்பதை அவனால் தாங்க முடியாது.

அவன் தொழில் அப்படி. 1983 முதல் சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறான். அவனுடையது 41ஆம் எண் லாரி. எங்கள் பக்கத்தில் ஒரு குளிர்காலத்துக்கு இருநூற்றைம்பது அங்குலத்துக்குக் குறைந்து பனி விழுந்தால் வயல் காய்ந்த மாதிரி பேசிக்கொள்வோம். அவ்வளவு பனியையும் விடிவதற்குள் ஒதுக்கித் தள்ளுகிறவர்கள் பதினோரு பேர். தள்ளுகிற வேகத்தில் சாலையோரத் தபால் பெட்டிகள் சாய்வது சாதாரணம். சாய்ந்த பெட்டிக்கான புகார்களை எழுதிவைத்தது நான்தான் என்பதால் கணக்குத் தெரியும். மற்ற பத்துப் பேரில் மிகக் குறைவாகச் சாய்த்தவன் பத்தொன்பது, மிக அதிகம் எண்பத்து நான்கு. லீலண்டின் பெயருக்கு நேரே ஒன்றுகூட இல்லை. வயதானவர்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது, பனியை ஓரமாகத் தள்ளும் பக்கவாட்டு இறக்கைத் தகட்டைத் தூக்கிக்கொண்டு போவான். லாரி போன பிறகு வாசலுக்குக் குறுக்கே நிற்கும் பனி வரப்பு, மற்ற ஓட்டுநர்கள் விட்டுப்போவதில் பாதிதான் இருக்கும்.

இப்படிப்பட்டவனுக்குச் சொந்த வண்டி மட்டும் வசப்படவில்லை. பச்சை வண்டி கடைசி இரண்டு குளிர்காலமும் அவனைக் கழுத்தறுத்தது. காலையில் மூன்று தடவை முக்கும், நாலாவது தடவை முனகும், பிறகு பேச்சே இருக்காது. அவன் காற்றுக்குழாய்க்குள் எதையாவது தெளித்துவிட்டு, திட்டிவிட்டு, என் காரில் வேலைக்குப் போவான். அதனால்தான் வெள்ளி நிறத்தில், மூன்றே வருடம் ஓடிய, உட்காருமிடம் சூடாகிற பிக்கப் ஒன்றை வாங்கினான். பச்சையைத் தள்ளிவிட ஆள் தேடினான்.

நோரீனுக்குத் தேவைப்பட்டதோ அந்த மாதிரி பழைய வண்டிதான். இருபது வருடம் மில்வாக்கியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவள். எங்கள் பக்கத்து இரண்டாம் எண் தபால் வழி அவளுக்குக் கிடைத்திருந்தது. எண்பத்து மூன்று பெட்டிகள், ஐம்பத்தெட்டு மைல். இந்த வேலைக்குச் சொந்த வண்டிதான். பெட்டிகள் எல்லாம் சாலையின் வலது ஓரத்தில் இருக்கும், ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். அதனால் தபால்காரர்கள் நீளச் சீட்டின் நடுவில் உட்கார்ந்து, இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, இடது காலை நீட்டிப் பெடலை மிதித்து, வலது ஜன்னல் வழியாகத் தபாலைப் போட்டுக்கொண்டே போவார்கள். நடுவில் எதுவும் தடுக்காத பழைய சீட்டு இருந்தால்தான் அது நடக்கும்.

மறுநாள் ஞாயிறு. நோரீன் வண்டியை இரண்டு மரக்கட்டைகள் மேல் ஏற்றி, கீழே படுத்து, ரம்பத்துக்கு ஊற்றும் எண்ணெயைச் சட்டம் முழுக்கத் தெளித்தாள். கதவுகளின் அடியில் இருந்த சின்ன ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறந்து அவற்றுக்குள்ளும் தெளித்தாள். பிறகு வண்டியைப் பழைய சுரங்கத்துக்குப் போகும் புழுதிச் சாலையில் ஒன்பது மைல் ஓட்டிவிட்டு வந்தாள். வண்டியின் அடிவயிறு முழுக்கச் செம்புழுதி அப்பியிருந்தது. எண்ணெய்மேல் புழுதி ஒட்டிக்கொண்டால் ஏப்ரல்வரை உப்புத் தண்ணீர் உள்ளே போகாது.

லீலண்ட் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"வண்டியக் குளிப்பாட்டுவாங்க. நீ என்னடான்னா புழுதியில புரட்டிக் கொண்டார."

"நீ போடுற உப்பு லீ. நீ ஒழுங்காப் போடுறதாலதான் நான் இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கு."

இடது பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் பூச்சு தடித்திருந்ததை அவள் அன்றே பார்த்தாளாம். பழைய பூச்சின் மேல் இன்னொரு பூச்சு என்று நினைத்து அதன்மேலும் எண்ணெய் தெளித்திருக்கிறாள். எண்ணெய் தார்ப்பூச்சைத் தாண்டி உள்ளே போகாது என்பது அவளுக்குத் தெரியும். உள்ளே காபி டின் இருப்பதுதான் தெரியாது.

2010 ஜனவரி 3, ஞாயிறு. சுழியத்துக்கு இருபத்திரண்டு கீழே. மறுநாள் திங்கள், இருபத்தேழு கீழே. திங்கட்கிழமை லீலண்டுக்கு விடுப்பு. ஏழே முக்காலுக்கு நான் அவன் வீட்டுச் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அவன் மனைவி ஜாய்ஸ் ஏலக்காய் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தாள். லீலண்ட் ஜன்னலில் நின்றான்.

"இன்னைக்கு எடுக்காது. எனக்குத் தெரியும் அவளை."

'அவளை' என்று அவன் சொன்னது வண்டியை.

எதிர்ப்பக்கம் நோரீன் வந்தாள். வண்டி மூக்கிலிருந்து தொங்கிய மின்கம்பியைப் பிடுங்கிச் சுருட்டி உள்ளே போட்டாள். அந்தக் கம்பி அவன் காலத்திலும் இருந்ததுதான். இன்ஜினுக்கு இரவெல்லாம் சூடு கொடுக்கிற கம்பி. அவன் அதைச் செருகிய பிளக், ஷெட் விளக்கு சுவிட்சோடு சேர்ந்தது. விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கப் போவான், கம்பியும் கூடவே அணைந்துவிடும். இரண்டு குளிர்காலம் அதை அவன் கண்டுபிடிக்கவில்லை.

வண்டி இரண்டாவது சுற்றில் கிளம்பியது. அவள் நகர்ந்து நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஒற்றைக் கையால் திருப்பிக்கொண்டு போனாள்.

"பாத்தீங்களா பெரியவரே. நான் ரெண்டு கை ரெண்டு கால் போட்டும் அடங்காது. அவ நடுவுல உக்காந்து ஆட்டுக்குட்டிய ஓட்டுற மாதிரி ஓட்டிக்கிட்டுப் போறா."

"நல்லதுதானே. நீ குடுத்த வண்டி நல்லா ஓடுதுன்னு சந்தோஷப்படு" என்றாள் ஜாய்ஸ்.

"அது எனக்கு ஓடலியே."

அன்று அவனுடைய வெள்ளி வண்டி, முகப்பில் ஏதோ மஞ்சள் விளக்கை எரியவிட்டுக்கொண்டு அசைய மறுத்தது. அதைப் பற்றி அவன் பேசவில்லை. என்னிடம் வேறொன்று கேட்டான்.

"நீங்கதான் காலையில எல்லாத்தையும் எழுதுறீங்களே. அந்தப் பச்சை என்னைக்கு ஸ்டார்ட் ஆகலைன்னு ஒரு கோடு போட்டு வையுங்களேன்."

எழுத என்ன கஷ்டம். ஒரு பத்தி சேர்த்தேன். ஐந்து குளிர்காலத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை, தபால் உள்ள நாட்கள் மட்டும், அறுநூற்றுப் பதினெட்டு காலைகள். பச்சை வண்டி கிளம்பாத காலை இரண்டு. இரண்டும் மின்சாரம் போன நாட்கள்.

ஒவ்வொரு மார்ச் கடைசியிலும் அவன் வந்து அந்தப் பத்தியைப் பார்ப்பான். விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்குவான். காபியைக் குடித்துவிட்டுப் போவான்.

அவன் பொறாமைக்காரன் என்று ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். அடுத்தவன் வீடு கட்டினால் பலகை சுமக்கப் போவான். மான் வேட்டையில் பெரிய கொம்பு யாருக்குக் கிடைத்தாலும் தோளில் தட்டுவான். இந்த ஒரு வண்டி மட்டும்தான் தொண்டையில் சிக்கிய மீன்முள். 2011இல் நோரீன் பின்பெட்டியில் மணல் மூட்டைகளுக்கு அடியில் பலகை அடித்து, மூட்டைகள் தகரத்தைத் தொடாமல் வைத்தாள். ஏப்ரலில் அவற்றை இறக்கிவிட்டுப் பெட்டியைக் கழுவினாள். அவன் அந்த மூட்டைகளைப் பதினோரு வருடம் இறக்கியதே இல்லை. 2012இல் அவளே சக்கரத்துக்கு மேலிருந்த துருவைச் சுரண்டிப் பச்சை பூசினாள். நிறம் சரியாக ஒத்துப்போகவில்லை. லீலண்டுக்கு ஒரு வாரம் முகம் மலர்ந்திருந்தது.

"முட்டைக்கோசு நிறம்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். "என் வண்டி பைன் மரப் பச்சை. இது முட்டைக்கோசு."

ஜாய்ஸுக்கு ஒருநாள் அலுத்துவிட்டது. "அவ்வளவு ஏக்கமா இருந்தா, போய் அந்த வண்டி முன்னாடி மண்டி போட்டு மன்னிப்புக் கேளேன். நான் வேணா பூ வாங்கித் தர்றேன்."

இதற்கு நடுவே அவனை அறுத்துக்கொண்டிருந்த இன்னொன்று எங்களுக்குத் தெரியாது. வண்டி நன்றாக ஓட ஓட, அந்தக் காபி டின் அவன் மனதில் பெரிதாகிக்கொண்டே போயிருக்கிறது. சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வேலிவரை போயிருக்கிறான். மூன்று தடவையும் அவள் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஏதாவது செய்துகொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் வயிறு எரிந்து திரும்பி வந்திருக்கிறான். 'எல்லாம் தெரிஞ்சவளாச்சே, அதையும் அவளே கண்டுபிடிக்கட்டும்' என்பது அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட நியாயம்.

2015 பிப்ரவரி 21, சனிக்கிழமை, தேவாலயக் கூடத்தில் அப்ப விருந்து. எங்கள் தபால் நிலையத் தலைவர் எழுந்து நின்று, இரண்டாம் வழியில் ஐந்து குளிர்காலமாகத் தாமதமே இல்லை என்று சொல்லி, நோரீனும் பச்சை வண்டியும் இருக்கும் ஒரு புகைப்படத்தைச் சட்டம் போட்டு அவளிடம் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். லீலண்டும் தட்டினான். பக்கத்து மேசையிலிருந்து யாரோ கேட்டார்கள்:

"ஏய் லீ, அது உன் வண்டியில்ல? அந்த மெஷினுக்காகவா குடுத்த?"

"மெஷினும் நல்லாத்தான் ஓடுது" என்றான்.

"ஓடாம? அதையும் நோரீன்தானே வச்சிருந்தா."

கூடமே சிரித்தது. அவன் தட்டில் இருந்த அப்பத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். வெளியே தன் வெள்ளி வண்டியின் பின் சக்கரத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தான். நான் போய்ப் பார்த்தேன். பெயின்டுக்கு அடியில் துருக் கொப்புளங்கள், ஐந்து.

மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 24, செவ்வாய். இரவில் பதினோரு அங்குலம் விழுந்திருந்தது. சுழியத்துக்கு நான்கு கீழே. ஏழு மணிக்கு அளவுகோலோடு வெளியே போனேன். லாரி வாசல்களில் விட்டுப்போன வரப்பையும் நான் அளப்பது உண்டு. சாலைத் துறையில் இருந்த காலத்துப் பழக்கம். என் வாசலில் பதினான்கு அங்குலம். லீலண்டின் வாசலில் பதிமூன்று. நோரீன் வாசலில் முப்பத்து நான்கு.

தவறாக அளந்துவிட்டேனோ என்று மறுபடி வைத்துப் பார்த்தேன். முப்பத்து நான்குதான். பனி மட்டுமல்ல, சாலை வளைவில் உறைந்து கிடந்த கட்டிகளையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வந்து, சரியாக அவள் வாசலில் கொட்டியிருந்தது. அவள் தபால் பெட்டியை அது தொடவில்லை. பெட்டிக்கும் வரப்புக்கும் நடுவே நாலு அங்குலம் இடைவெளி. அந்த நாலு அங்குலத்தைப் பார்த்ததும் யார் வேலை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படி ஓட்டக்கூடியவன் எங்கள் மாவட்டத்தில் ஒருவன்தான்.

நோரீனிடம் பனி இறைக்கும் இயந்திரம் இல்லை. அது லீலண்டின் ஷெட்டில் இருந்தது. காலையில் தன் ஷெட் சுவர்வரை பின்னால் போய், வேகம் எடுத்து வந்து, வரப்பை முட்டி உடைத்துக்கொண்டு வெளியேறுவதுதான் அவள் வழக்கம். பதினான்கு அங்குலத்துக்கு அது போதும்.

ஏழு ஐம்பதுக்கு அவள் வண்டியைக் கிளப்பினாள். பின்னால் போய், வந்து முட்டினாள். வண்டி வரப்பின்மேல் பாதி ஏறி நின்றது. பின்பக்கம் மணல் மூட்டைகளோடு ஒரு குதி குதித்தது. அவள் இறங்காமல் மறுபடி பின்னால் போனாள்.

அந்த நேரத்தில் 41ஆம் எண் லாரி ஏரி முனையில் திரும்பி வந்துகொண்டிருந்தது. உயரமான அந்த இருக்கையிலிருந்து அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. பச்சை வண்டியின் ஓட்டுநர் அறைக்கும் பின்பெட்டிக்கும் நடுவே எப்போதும் ஒரே அளவாக இருக்கும் சந்து, இடது பக்கம் மேலே குறுகி, கீழே விரிந்திருந்தது. சட்டம் வளைந்தால்தான் அப்படி ஆகும். நோரீன் இரண்டாவது தடவை வேகம் எடுக்கும்போது, லாரி அவள் வாசலுக்குக் குறுக்கே வந்து நின்றது. விளக்குகள் சுழன்றுகொண்டிருந்தன. லீலண்ட் கதவைத் திறந்து, படியில் கால் வைக்காமலே குதித்தான்.

நோரீன் பிரேக்கை மிதித்துக் கண்ணாடியை இறக்கினாள்.

"என்ன பண்ற லீ? வழிய விடு. தபால் காத்துக்கிட்டு இருக்கு."

"இன்ஜினை நிறுத்து."

"மலையக் கொண்டாந்து கொட்டிட்டு, நீயே குறுக்க வந்து நிக்கிறியே."

"கொட்டினது நான்தான். வேணும்னேதான் கொட்டினேன். அதை அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல இறங்கு. சட்டம் போயிருக்கு."

"எந்தச் சட்டம்? கல்லு மாதிரி இருக்குன்ன."

"காபி டின்னு."

"என்னது?"

"இடது பக்கம் ஓட்டை. காபி டின்ன வெட்டி வச்சு மேல பூசியிருக்கேன். உங்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடியே."

நோரீன் இன்ஜினை அணைத்தாள்.

"எந்தக் காபி?"

"என்ன எந்தக் காபி?"

"ஜாய்ஸ் வீட்டுக்கு வாங்குறதா, நீ லாரியில கொண்டு போறதா?"

"லாரியில கொண்டு போறது."

"அது காபியே இல்லையே லீ. அத நம்பியா நான் அஞ்சு வருஷமா மரப்பாலத்து மேல போய்க்கிட்டு வந்தேன்."

சிரித்துக்கொண்டே சொல்வதுபோல் ஆரம்பித்தாள். முடிக்கும்போது கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். இரண்டாம் வழியில் ஓடைக்கு மேல் ஒரு மரப்பாலம் உண்டு. கைப்பிடிச் சுவர் கிடையாது. கீழே நாற்பதடி.

அவன் பனியில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்தான். நான் சுத்தியலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரே தட்டு. சத்தம் உலோகத்தில் தட்டியதுபோல் இல்லை, அட்டைப் பெட்டியில் தட்டியதுபோல் இருந்தது. சுத்தியல் தலை உள்ளே போய்விட்டது. சிவப்பு எழுத்து தெரியும் தகரத் துண்டு ஒன்று அவன் நெஞ்சின்மேல் விழுந்தது. சட்டத்தில் மேல் விளிம்பு மட்டும் கட்டை விரல் அகலத்துக்கு மிச்சம் இருந்தது. அதிலும் புதிதாக ஒரு விரிசல்.

வெளியே வந்து அவன் முதலில் பார்த்தது என்னை.

"பெரியவரே, வரப்ப அளந்துட்டீங்களா?"

"முப்பத்து நாலு."

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"அழிக்க முடியாதா?"

"பேனாவுல எழுதினேன்ப்பா."

அவன் தலையை ஆட்டினான். அவன் எவ்வளவு கெஞ்சியிருந்தாலும் அழித்திருக்கமாட்டேன் என்பது அவனுக்குத் தெரியும். லாரியில் ஏறி, வரப்பை இரண்டே இழுப்பில் ஒதுக்கினான். நோரீனை என் காரில் தபால் நிலையத்தில் இறக்கிவிட்டேன். இறங்கும்போது, "உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். நம்பினாள் என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டரைக்கு வேலை முடித்து லீலண்ட் தபால் நிலையத்துக்கு வந்து, தன் வெள்ளி வண்டியின் சாவியை அவளிடம் நீட்டினான். அவள் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டு தனித்தனி இருக்கைகள், நடுவே கோப்பை வைக்கும் குழிகளோடு ஒரு பெரிய பெட்டி.

"நான் எங்க உக்கார்றது? உன் கோப்பை மேலயா?"

ஆகவே அவன் ஓட்டினான், அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தபாலைப் போட்டாள். எட்டரை மணி நேரம் லாரி ஓட்டிய உடம்பு. என் வீடுதான் வழியில் கடைசிப் பெட்டி. வழக்கமாக ஒன்றரைக்கு வரும் தபால் அன்று ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்தது. நான் பெட்டியருகே நின்றிருந்தேன்.

"முப்பத்தேழு பேரு" என்றான் லீலண்ட், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு. "முப்பத்தேழு பேரு வெளிய வந்து, பச்சை வண்டிக்கு என்னாச்சுன்னு கேட்டாங்க. ஒருத்தன்கூட இந்த வண்டிய நல்லா இருக்குன்னு சொல்லல."

"நீ என்ன சொன்ன?"

"நான் எங்க சொல்றது. இவ பக்கத்துலயே உக்காந்து, 'லீயைக் கேளுங்க'ன்னு சொல்லிட்டா. முப்பத்தேழு தடவையும் காபி டின் கதையச் சொன்னேன்."

"மொத அஞ்சு தடவை முழுங்கி முழுங்கிச் சொன்னான். அப்புறம் பழகிடுச்சு" என்றாள் நோரீன்.

பச்சை வண்டி ஒன்பது நாள் அவன் ஷெட்டில் இருந்தது. பின்பெட்டியைக் கழற்றி எடுத்தான். இற்ற பகுதியை அறுத்தான். புது இரும்புச் சட்டம் வாங்கி உள்ளே பொருத்தி, வெளியே ஒரு தகடும் வைத்து வெல்டிங் செய்தான். தினமும் அதிகாலை வேலைக்குப் போய் வந்து, தபால் வழியும் ஓட்டி முடித்து, மாலை ஆறிலிருந்து எட்டரைவரை. நான் தினமும் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஆசைப்பட்ட வண்டி கைக்கு வந்துவிட்டது, ஆனாலும் அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து வெந்தான்.

"இந்த பேட்டரி ஒயரப் பாருங்க. சமையல் சோடா போட்டுக் கழுவி, கிரீஸ் தடவி வச்சிருக்கா. எனக்கு ஏன் தோணல?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பா."

"இந்த பிளக்குல டைமர் வச்சிருக்கா. நாலு மணிக்குத்தான் சூடாகும். நான் விளக்க அணைச்சு அணைச்சு இதைச் சாகடிச்சிருக்கேன்." சற்றுப் பொறுத்து, "இதுக்குள்ள என்னோட தப்பு ஒவ்வொண்ணையும் அவ திருத்தி வச்சிருக்கா பெரியவரே. பரீட்சைத் தாள் மாதிரி இருக்கு" என்றான்.

மார்ச் 5, வியாழக்கிழமை மாலை நோரீன் வந்தாள். குனிந்து, சுத்தியலால் நான்கு இடத்தில் தட்டிப் பார்த்தாள். கோயில் மணிபோலக் கேட்டது. லீலண்ட் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். பிறகு, ஐந்து வருடமாக உள்ளே இருந்ததைச் சொல்லிவிட்டான்.

"நோரீன். அந்த மெஷினத் திருப்பித் தர்றேன். இன்னொரு நீளச் சீட்டு வண்டி நானே தேடித் தர்றேன். இதை விட்டுடு."

அவள் உடனே மறுக்கவில்லை. வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள்.

"நீ கேப்பன்னு எனக்குத் தெரியும். தர முடியாது லீ. நீ செஞ்சதுக்காக இல்ல. எனக்கு இது வேணும்."

"இது என் வண்டி."

"உன் வண்டி எது? இந்த இடது பக்கச் சட்டம் வேணா உன்னுது. மிச்சம் என்னுது."

அவன் வெல்டிங் வைத்த இடத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"எவ்வளவு நீளத்துக்கு?"

"நீ வச்ச நீளத்துக்கு."

"இருபத்தாறு அங்குலம்."

"எடுத்துக்கோ."

சாவியைக் கொடுத்துவிட்டான். அவள் ஏறி, நடுவுக்கு நகர்ந்து, ஒற்றைக் கையால் திருப்பி எதிர்வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். அவன் ஷெட் கதவைப் பிடித்துக்கொண்டு, அது நின்று விளக்கு அணைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தான்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய். அந்த வண்டி இன்றும் ஓடுகிறது. போன மாதம் பார்த்தபோது 3,02,655 மைல். லீலண்ட் ஓய்வு பெற்று வீட்டில் இருந்த முதல் குளிர்காலத்தில் தினமும் ஜன்னலில் நின்றான். வண்டி போகும்போது யார் பக்கத்தில் இருந்தாலும், "அந்த இடது பக்கம் இருபத்தாறு அங்குலம் என்னுது" என்பான். நோரீன் அக்டோபரில் எண்ணெய் தெளிக்கும்போது அந்த இருபத்தாறு அங்குலத்தை மட்டும் விட்டுவிடுகிறாள். அவனே குப்பியை எடுத்துக்கொண்டு போய்த் தெளித்துவிட்டு வருகிறான். காபி டின்னின் துண்டைத் தபால் நிலையத்தில் நோரீன் மாட்டிவைத்த அந்தப் புகைப்படத்துக்குக் கீழே ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள். அதை எடுக்கச் சொல்லி அவன் கேட்டதில்லை.

சாலைத் துறைக்கு யாரும் புகார் கொடுக்கவில்லை. அவன் பெயருக்கு நேரே கடைசிவரை ஒன்றும் எழுதப்படவில்லை. என் பதிவில் மட்டும் பிப்ரவரி 24க்கு நேரே முப்பத்து நான்கு இருக்கிறது.

அதற்கு அடுத்த எண்களையும் சொல்லிவிடுகிறேன். அந்த மார்ச் 6 முதல் அவன் ஓய்வு பெற்ற நாள்வரை, லாரி போன காலைகளில் நோரீன் வாசலில் நின்ற வரப்பு சராசரி மூன்று அங்குலம். சில நாட்களில் தடயமே இல்லை. அவள் வாசலைத் துடைத்து எடுத்துக்கொண்டு போன பனி எங்கேயாவது விழுந்துதானே ஆக வேண்டும். சாலையில் அவள் வீட்டுக்கு அடுத்து வரும் வாசல் என்னுடையது. சராசரி பத்தொன்பது.

ஒருநாள் காபி குடிக்க வந்தவனிடம் ஏட்டைத் திருப்பிக் காட்டினேன். விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கினான்.

"அவ வாசல்ல மூணு, உங்க வாசல்ல பத்தொன்பது. என்ன பெரியவரே, வயிறு எரியுதா?"

எரிந்தது. அதையும் எழுதிவைத்தேன்.